நானூற்றில் ஒன்று குறைந்தது

"நாப்பது பேரையும் பூட்ஸைக் கழட்ட வெச்சிருக்காங்கக்கா. காத்து நேரா நம்ம பக்கம்தான் அடிக்குது. வண்டியைத் திருப்பிடலாமா?"

போம்சு மூக்கைப் பொத்திக்கொண்டான். ஹேராங் கார் கதவைச் சாத்தினாள். மணி மூன்றேகால்.

போனில் சார்ஜென்ட் மேங் சொன்னது கொஞ்சம்தான். பட்டாளச் சேவை முடித்து ஊர் திரும்பியவர்களின் ரிசர்வ் படைக்கு வருடாந்திரப் பயிற்சி. நாற்பது பேர், ஆளுக்குப் பத்துத் தோட்டா. சுட்டு முடித்ததும் துப்பாக்கி துப்பிய பித்தளைக் கூடுகளை எண்ணினால் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஐந்து மணிக்குள் கிடைக்காவிட்டால் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும். "நீங்களே வரணும்" என்று கடைசியில் ஒரு வார்த்தை.

கூடு குறைந்தால் என்ன அர்த்தம் என்று பட்டாளத்தில் இருந்த எவனுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு தோட்டா சுடப்படாமலே யாருடைய சட்டைக்குள்ளோ உட்கார்ந்திருக்கலாம். அதோடு அவன் வீட்டுக்குப் போவான். பிறகு ஒரு சாவு.

ஹேராங் இந்தச் சுடுதளத்துக்கு வருவது இது இரண்டாவது முறை. முதல் முறை வந்தபோது அவள் ராணுவப் போலீசில் புலனாய்வாளர். ஆறு வருடத்துக்கு முன்னால் நம்குங் ஹ்யோன் என்ற இருபத்தொரு வயதுச் சிப்பாய் இரவுக் காவலில் தனியாக இருந்தபோது செத்துப்போனான். ஒரே தோட்டா. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அன்று பகலில் அவன் இங்கே பயிற்சிக்கு வந்திருந்தான். ஹேராங் பதிவேட்டைப் புரட்டினாள். மூன்று கையெழுத்து, கூட்டல் அத்தனையும் சரி. ‘சுடுதளக் கணக்கில் குறைவில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவனுடைய அம்மா இன்றுவரை கேட்கிறாள். இங்கிருந்து தோட்டா போகவில்லையென்றால் என் பிள்ளைக்கு அதை யார் கொண்டுவந்தார்கள்? யார் அவனைக் கொன்றார்கள்? தலைநகரில் ஒரு பெரிய அலுவலகத்தின் வாசலில், வெள்ளிக்கிழமை தவறாமல், மகன் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஹேராங்குக்கு அந்தத் தெருவில் வேலையிருந்தால் இரண்டு தெரு சுற்றிப் போவாள். மறு வருடமே சீருடையைக் கழற்றிவிட்டாள். கேட்டவர்களிடம் முதுகுவலி என்றாள். இப்போது போம்சுவை உதவிக்கு வைத்துக்கொண்டு தனியாகத் துப்பறிகிறாள்.

இன்றும் வெள்ளிக்கிழமைதான்.

மேங் கூடாரத்து வாசலில் நின்றார். ஐம்பத்திரண்டு வயது, முப்பது வருடப் பட்டாளம். முகம் வெளுத்திருந்தது.

"எத்தனை தடவை எண்ணுனீங்க?" என்றாள் ஹேராங்.

"மூணு தடவை. நாலாம் மேடையிலதான் குறையுது. சுட்டவர் பியோ. பேக்கரி வெச்சிருக்கார்."

"கூட யாரு?"

"பக்கத்துல உக்காந்து கூடு பையைப் பிடிக்க ஒரு ரிசர்வ் ஆள். ரெண்டு பேரையும் உடம்பெல்லாம் தடவிப் பாத்தாச்சு. ஒண்ணுமில்ல."

பேக்கரிக்காரர் பியோ கூடாரத்துக்கு வெளியே ஒரு ஸ்டூலில் குறுகி உட்கார்ந்திருந்தார். வெறுங்கால்.

"பத்தும் சுட்டீங்களா?"

"சுட்டேன்னுதான் நெனைக்கிறேன். சத்தம் கேட்டா எனக்குக் கண்ணு தானா மூடிக்கும்மா. எண்ணல."

போம்சு இலக்குத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். நாலு ஓட்டை இருந்தது.

"மிச்சம் ஆறையும் மலைக்குத் தானம் பண்ணிட்டார் போல. அதுல அஞ்சா ஆறான்னு மலையைத்தான் கேக்கணும்."

பியோ சிரிக்கவில்லை. போம்சு பத்து நிமிடம் காணாமல் போய், சிகரெட் பிடிக்கும் இடத்தில் வம்பளந்துவிட்டு வந்தான். வந்தவனிடம் கிண்டல் பாதியாகக் குறைந்திருந்தது.

"அக்கா, அந்த ஆளு பொண்டாட்டி போன மாசம் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களாம். ஒரே மக, நாலு வயசு. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுல முட்டையைக்கூடத் தொடலையாம். பக்கத்துல இருந்தவன் எடுத்துத் தின்னிருக்கான்."

மேங்கின் காதிலும் அது விழுந்தது. "அதான் பயம். அவரை நான் எப்படி வெளிய விடுவேன்? அவர் அதோட வீட்டுக்குப் போய்..." வாக்கியத்தை முடிக்காமல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

மைதானத்தில் மற்ற முப்பத்தொன்பது பேரும் வரிசை கட்டிக் காய்ந்த புல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். ரிசர்வ் ஆட்களைத் தெரியாதா? ஊரில் மாப்பிள்ளை மாதிரி இருப்பவன்கூட அந்தச் சீருடையைப் போட்டதும் மூன்று நாள் தூங்காதவன் மாதிரி ஆகிவிடுவான். சட்டை வெளியே, தொப்பி பின்மண்டையில், பொத்தானுக்கும் தொப்பைக்கும் தீராத பகை. அவர்களை வேலை வாங்கும் இளம் சிப்பாய்களோ வாய்க்கு வாய் ‘சீனியர்’ போட்டாக வேண்டும்.

"சீனியர், கொஞ்சம் குனிஞ்சு தேடுங்க சீனியர்."

"தம்பி, நான் குனிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. வேணும்னா படுத்துக்கிறேன், நீ உருட்டி விடு."

"கோழிக்கடைக்காரன்டா நான்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் காயணும்! என் பொண்டாட்டி என்னைப் பொரிச்சுருவா!"

சிரிப்பு எழுந்தது, உடனே அடங்கியது. எல்லாருக்கும் உள்ளூரப் பயம் இருந்தது. பியோ இருந்த பக்கம் பார்க்காமலே தேடினார்கள்.

போம்சு ஹேராங்கின் பக்கத்தில் வந்து நின்றான். "எதுக்குக்கா இந்தப் பாடு? நான் சிப்பாயா இருந்தப்போ எங்க யூனிட்ல ஒரு பிஸ்கட் டப்பா நெறைய பழைய கூடு இருக்கும். எண்ணிக்கையில ஒண்ணு குறைஞ்சா டப்பாவைத் திறப்போம். ஒண்ணைப் போடுவோம். கணக்கு சரி. எல்லாரும் சாப்பிடப் போயிடுவோம்."

ஹேராங் சட்டென்று அவனைப் பார்த்தாள்.

"என்ன சொன்ன?"

"பிஸ்கட் டப்பா."

"எல்லா யூனிட்லயுமா?"

"எனக்குத் தெரிஞ்ச எல்லாத்துலயும் உண்டு. அதிகாரிங்களுக்கு மட்டும்தான் தெரியாது. அவங்க வந்தா டப்பா மேல துணியை மடிச்சு வெச்சுருவோம்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் குரல் இறங்கியது. "என்னக்கா?"

மூன்று கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம் கண்ணுக்குள் வந்து நின்றது. கூட்டல் சரியாக இருந்தது என்பதற்காகவே நம்பிய பக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். காகிதத்தில் மறைக்கலாம் போலிருக்கிறது.

"போம்சு, உனக்கு ஒரு தோட்டா வேணும். இங்கேருந்து திருடணும். என்ன பண்ணுவ?"

"தோட்டாவை எடுத்துக்கிட்டு, அதுக்குப் பதிலா ஒரு காலிக் கூட்டைப் பையில போடுவேன். சந்தையில பட்டாளச் சாமான் விக்கிற கடையில சாவிக்கொத்தா தொங்குதே, அதுல ஒண்ணு."

"அப்போ கணக்கு?"

"சரியா இருக்கும். எவனும் தேட மாட்டான்."

"தோட்டா திருடுறவன் கணக்கைச் சரியா வெச்சுட்டுப் போவான். இங்க கணக்கு தப்பா இருக்கு. அப்போ திருடுனவனுக்கு வேண்டியது தோட்டா இல்ல."

"பின்னே?"

"கணக்கு தப்பா ஆகணும். அவ்வளவுதான் வேணும். ஆறு வருஷத்துக்கு முன்னால இங்க சுட்டுட்டுப் போன ஒரு பையன் செத்தப்போ கணக்கு சரியா இருந்துச்சு. இன்னைக்குத் தப்பானதும் யாராவது டப்பாவைத் திறக்குறாங்களான்னு ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான்."

இருவரும் மெல்லத் திரும்பினார்கள். வரிசையில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், கள்ளத்தனமாக வாசல் கேட்டையும் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் புல்லில் கையை வைத்துக்கொண்டு சார்ஜென்ட் மேங்கையே பார்த்தான். மேங் கூடாரத்துக்குள் போனால் அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது, வெளியே வந்தால் அவரோடு வந்தது. சட்டை கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தான். கழற்றி வைத்த பூட்ஸில் முகம் பார்க்கலாம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"ரிசர்வ் பயிற்சிக்குப் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு வந்த ஒரே மனுஷன். இவனை மியூசியத்துல வெக்கணும்," என்றான் போம்சு.

"சாவு வீட்டுக்குப் போறவன் அப்படித்தான் உடுத்துவான்," என்றாள் ஹேராங். "வருகைப் பதிவை வாங்கிட்டு வா. நாலாம் மேடையில பை பிடிச்சவன் யாருன்னு பாரு."

போம்சு ஓடிப்போய்த் தாளோடு வந்தான்.

"அதே ஆளுதான். விலாசம் புசான். புசான்லேருந்து இங்கயா? பஸ்ல அஞ்சு மணி நேரம்! எந்த ஊர்ல வேணும்னாலும் பயிற்சியை முடிக்கலாம்னு இருக்கே, இவனே கேட்டு வாங்கி இந்த மலைக்கு வந்திருக்கான். எங்க வீட்டுக்குப் பின்னாடி நடந்தாலே நான் வயித்துவலின்னு எழுதிக் குடுத்துருவேன்." அவன் விரல் பெயரில் வந்து நின்றது. "நம்குங் ஜின்."

நம்குங். அந்தக் குடும்பப் பெயர் உள்ள ஒரே ஒருவனைத்தான் ஹேராங் தன் வாழ்நாளில் அறிவாள். அவன் செத்துப்போனவன். அவன் அம்மா அலுவலக வாசலில் நிற்கிறாள்.

ஐந்து நிமிடத்தில் கூடாரத்துக்குள் நான்கு பேர் இருந்தார்கள். ஹேராங் ஜின்னிடம் கையை நீட்டினாள். அதட்டவில்லை.

"குடுத்துடுங்க. வெளிய ஒரு மனுஷன் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கார்."

ஜின் அவளைப் பார்த்தான், மேங்கைப் பார்த்தான். பிறகு தாங்கியில் சாய்த்திருந்த நாலாம் எண் துப்பாக்கியை எடுத்து, பின்கட்டையின் அடியிலிருந்த சிறு மூடியைத் திறந்தான். துடைக்கும் துணி வைக்கிற குழி அது. நாற்பது பேரின் காலுறை வரைக்கும் உதறிப் பார்த்தவர்கள் துப்பாக்கியைச் சோதிக்க மறந்திருந்தார்கள். துணிக்குள்ளிருந்து ஒரு பித்தளைக் கூடு மேசையில் விழுந்தது. சுட்டு முடித்த வெறும் கூடு.

"பேக்கரிக்காரர் பத்தும் சுட்டார். நான் எண்ணுனேன். அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்," என்றான் ஜின்.

"போம்சு, பியோகிட்ட போய்ச் சொல்லு. முதல்ல அவர்கிட்ட. அப்புறம் மத்தவங்ககிட்ட."

போம்சு வாயைத் திறந்தான், ஏதோ கிண்டல் வந்திருக்க வேண்டும். அதை விழுங்கிவிட்டு வெளியே போனான். சற்று நேரத்தில் மைதானத்தில் பெரிய ஆரவாரம் கேட்டது. கோழிக்கடைக்காரர் யாரையோ கட்டிப்பிடித்துக் கத்தினார். உள்ளே மூன்று பேரும் அசையவில்லை.

"நீங்க டப்பாவைத் திறப்பீங்கன்னு நெனைச்சேன் சார்," என்றான் ஜின் மேங்கிடம். மரியாதையான குரல், அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "மிஞ்சிப் போனா பத்து நிமிஷம்னு நெனைச்சேன். திறந்ததும் எல்லார் முன்னாலயும் உங்க கையைப் பிடிக்கணும்னு வந்தேன். நாலு மணி நேரம் ஆச்சு. ஏன் திறக்கல?"

மேங் ஜின்னின் நெஞ்சில் தைத்திருந்த பெயர்ப் பட்டையை வெகுநேரம் பார்த்தார். காலையிலிருந்து அது அவர் கண்முன்னால்தான் இருந்தது. நாற்பது பெயர்களில் ஒன்றாக.

"நீ ஹ்யோனோட..."

"அண்ணன்."

மேங் குனிந்து இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தார். துணிக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா, அதன்மேல் ஆறு வருடத் தூசி. "அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் இதைத் திறந்ததில்ல. தூக்கிப் போடவும் முடியல."

"அன்னைக்கு..." ஜின் டப்பாவின் தூசியை விரலால் தொட்டான். "அன்னைக்கு ஒண்ணு குறைஞ்சுதா?"

"குறைஞ்சுது."

ஹேராங் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மழை. மறுநாள் பண்டிகை லீவு. முப்பது பசங்க ஊருக்குப் போக மூட்டை கட்டி வெச்சிருந்தாங்க. எங்கயோ சேத்துல புதைஞ்சிருக்கும்னு நெனைச்சேன். எப்பவும் அப்படித்தான் இருக்கும். இருபத்தி நாலு வருஷமா அப்படித்தான் இருந்துச்சு."

"எவ்வளவு நேரம் தேடுனீங்க?"

மேங் ஒட்டுநாடாவின் ஓரத்தை நகத்தால் தேய்த்தார்.

"சார். எவ்வளவு நேரம்?"

"தேடல."

"இன்னைக்கு மாதிரி தேடியிருந்தா கெடைச்சிருக்குமா?"

"அவன் பாக்கெட்லயே இருந்திருக்கும்," என்றார் மேங். முப்பது வருடம் மைதானம் அதிரக் கத்திய குரலில் காற்று மட்டும்தான் மிச்சமிருந்தது. "முதல் பாக்கெட்டோ ரெண்டாவது பாக்கெட்டோ. திட்டியிருப்பேன். அழுதிருப்பான். டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன். இன்னைக்கு அவனுக்கு இருபத்தேழு வயசு."

ஜின் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அடிப்பான் என்று ஹேராங் எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் மேங்குக்குக்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவன் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தான்.

மேங் அவள் பக்கம் திரும்பினார். "உங்களை ஏன் கூப்பிட்டேன்னு தெரியுமா? அன்னைக்கு நீங்க என்கிட்ட கேட்டீங்க, கணக்கு சரியான்னு. சரின்னேன். நீங்க போயிட்டீங்க. இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ. இன்னைக்கும் குறைஞ்சதும், நீங்கதான் வந்து கேக்கணும்னு தோணுச்சு."

"நான் பதிவேட்டைத்தான் பாத்தேன்," என்றாள் ஹேராங். "உங்க மூஞ்சியைப் பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அந்த ஒரு வரியை எழுதுனது நான். அதைத் திருத்தி எழுதப்போறதும் நான்தான். நீங்க கீழ கையெழுத்துப் போடணும். வேலை போகும். கோர்ட்டும் வரலாம்."

"போடுறேன்."

"அது அப்புறம் சார்," என்றான் ஜின். "முதல்ல அம்மா. இந்நேரம் அங்கதான் நின்னுக்கிட்டு இருப்பாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. ‘உன்னையும் மெரட்டிட்டாங்களாடா’ம்பாங்க. நீங்க சொல்லணும்."

ஹேராங் அவன் முன்னால் உட்கார்ந்தாள். "யோசிச்சுக்கோங்க. கொன்னவனைக் கண்டுபிடிக்கணும்கிற வைராக்கியத்துலதான் அவங்க நடமாடுறாங்க. இதைக் கேட்டா அவன் தானாத்தான் போனான்னு ஆயிடும். தாங்குவாங்களா?"

"தெரியலங்க." அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ராத்திரியில நானும் கொன்னவனைத் தேடியிருக்கேன். அவன் கூட இருந்த பசங்க ஒவ்வொருத்தனையும் சந்தேகப்பட்டேன். ஒருத்தன் சட்டையைக்கூடப் பிடிச்சேன். பாவம், அவன் ஹ்யோனுக்கு இருந்த ஒரே சிநேகிதன். அம்மாவுக்கு அறுபத்தி நாலு வயசு. போன ஜனவரியில அங்கயே மயங்கி விழுந்தாங்க. இந்தக் குளிருக்கும் அங்க நிக்கக் கூடாது. இல்லாத கொலைகாரனைத் தேடி நிக்கக் கூடாது."

காலையில் வாங்கி வைத்திருந்த போன்களின் பையிலிருந்து ஹேராங் அவனுடையதை எடுத்துக் கொடுத்தாள். அவன் அழுத்தினான், ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தான். மூன்றாவது மணியில் அம்மா எடுத்தாள். பின்னால் பஸ்கள் ஓடுகிற சத்தம்.

"ஜின்? சாப்பிட்டியா? பயிற்சியில சோறாவது ஒழுங்காப் போட்டாங்களா?"

"சாப்பிட்டேம்மா. அம்மா, அங்க படியில உக்காந்துக்கோ. உக்காந்துட்டியா? இங்க ஒருத்தர் உன்கிட்ட பேசணும்கிறார். ஹ்யோன் பத்தி."

மேங் போனை இரண்டு கையாலும் எடுத்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார். அவளால் பார்க்க முடியாது என்று தெரிந்தும் விறைப்பாக நின்றார். பதவியைச் சொன்னார், பெயரைச் சொன்னார். பிறகு மழையைச் சொன்னார், எண்ணிக்கையைச் சொன்னார், டப்பாவைச் சொன்னார். ஒன்றையும் மழுப்பவில்லை. முடித்தபோது அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

போனில் பஸ்கள் மட்டும் ஓடின.

"அப்போ," என்றாள் அவள், "யாரும் என் பிள்ளையைக் கொல்லலையா?"

ஜின் வாயைப் பொத்திக்கொண்டான். ஹேராங் கூடாரத் துணியைப் பார்த்தாள்.

"தேட வேண்டியவன் நான்தாம்மா," என்றார் மேங். "தேடல."

அவள் கத்துவாள் என்று மூவரும் காத்திருந்தார்கள். கத்தவில்லை. ஆறு வருடமாக எந்த அலுவலகமும் அவளுக்குச் சொல்லாத அந்த ஒரு நாளை யாரோ கடைசியில் சொல்கிறார்கள், அதைத் தவறவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க அன்னைக்கு அவனைப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. வரிசையில கடைசியா நின்னான்."

"மழைன்னு சொன்னீங்களே. நனைஞ்சிருந்தானா?"

"நனைஞ்சிருந்தான்மா."

"அவனுக்குத் தலை நனைஞ்சா உடனே சளி பிடிக்கும்," என்றாள் அவள். "யாராவது துண்டு குடுத்தீங்களா?"

மேங் போனைப் பிடித்தபடி நின்றார். "குடுக்கலம்மா," என்றார்.